அமெரிக்கத் தஞ்சமும் வொர்க் பெர்மிட்டும்: கேட்டீர்கள், சொல்கிறோம்

2025 நவம்பர் 26 அன்று வாஷிங்டனில் தேசியக் காவல் படையினர் இருவர் சுடப்பட்டார்கள். கைதானவர் ஆப்கானிஸ்தானைச் சேர்ந்தவர். இரண்டே நாளில், குடியேற்றச் சேவை அமைப்பான யு.எஸ்.சி.ஐ.எஸ்.ஸின் இயக்குநர் ஜோசப் எட்லோ, தஞ்ச மனுக்கள் எதிலும் முடிவு சொல்ல வேண்டாம் என்று அறிவித்தார். டிசம்பர் 2-இல் அது எழுத்து உத்தரவாக வந்தது. அன்றிலிருந்து எங்களுக்கு வந்த கடிதங்களில் பலருக்கும் பொதுவானவற்றை எடுத்துக்கொண்டோம். 2026 ஜனவரி முதல் வாரம் வரை வெளியான உத்தரவுகளை வைத்துப் பதில் எழுதியிருக்கிறோம்.

கேள்வி: 2023-இல் ஐ-589 (தஞ்ச மனுப் படிவம்) போட்டேன். இலங்கைப் பாஸ்போர்ட். இன்னும் இண்டர்வியூவுக்கே கூப்பிடவில்லை. இப்போது ஃபைலையே மூடிவிட்டார்களா?
(வாசகர், எடிசன், நியூ ஜெர்சி)

பதில்: மூடவில்லை. நிறுத்தியிருப்பது கடைசிக் கையெழுத்தை. மனு வாங்குவது, ரசீது அனுப்புவது, கைரேகை எடுப்பது, இண்டர்வியூ நடத்துவது எல்லாவற்றுக்கும் உத்தரவில் இடம் இருக்கிறது. அதிகாரி 'சரி' என்றோ 'இல்லை' என்றோ எழுதி அனுப்பக் கூடாது, அவ்வளவுதான். தஞ்ச மனுவைப் பொறுத்தவரை எந்த நாட்டுக்காரர் என்ற பேதமும் கிடையாது.

ஆகவே இண்டர்வியூ கடிதம் வந்தால், 'எப்படியும் முடிவு வரப்போவதில்லையே' என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். காரணம் சொல்லாமல் போகாமல் இருந்தால் கேஸ் குடியேற்ற நீதிமன்றத்துக்குத் தள்ளப்படலாம். வொர்க் பெர்மிட்டுக்கான நாள் கணக்கும் அங்கேயே நின்றுவிடும்.

இன்னொன்றையும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மனு யாரிடம் இருக்கிறது? யு.எஸ்.சி.ஐ.எஸ். தஞ்ச அலுவலகத்திலா, நீதிமன்றத்திலா? 'நோட்டீஸ் டு அப்பியர்' என்ற ஐ-862 தாள் உங்கள் கைக்கு வந்து, அது நீதிமன்றத்திலும் தாக்கலாகியிருந்தால் கேஸ் நீதிபதியிடம் இருக்கிறது. குடியேற்ற நீதிபதிகள் நீதித்துறைக்குக் கீழே வருகிறவர்கள். எட்லோவின் உத்தரவு அவர்களைக் கட்டுப்படுத்தாது. அங்கே விசாரணையும் தீர்ப்பும் வழக்கம்போல நடக்கின்றன. நிறுத்திவைப்பை நம்பி ஹியரிங் தேதியைத் தவறவிட்டால், நீங்கள் இல்லாமலே நாடுகடத்தல் உத்தரவு விழும். சந்தேகம் இருந்தால் 1-800-898-7180 என்ற நீதிமன்றத் தானியங்கி எண்ணில் உங்கள் ஏ-நம்பரை (குடியேற்றத் தாள்களில் 'ஏ' என்று தொடங்கும் உங்கள் அடையாள எண்) அழுத்துங்கள். கேஸ் அங்கே இருந்தால் அடுத்த தேதியைச் சொல்லும், இல்லாவிட்டால் அப்படி ஒரு கேஸ் இல்லை என்று சொல்லிவிடும்.

கேள்வி: ஆகஸ்டில் தஞ்ச மனு கொடுத்தேன். முடிவை நிறுத்திவிட்டதால் வொர்க் பெர்மிட்டும் வராது என்கிறார் கூட வேலை தேடும் நண்பர். உண்மையா? எப்போது, எப்படிப் போடுவது?
(வாசகர், ஸ்டேட்டன் ஐலண்ட்)

பதில்: நண்பர் சொல்வது குறிப்பிட்ட சில நாட்டவருக்குத்தான் பொருந்தும், அவர்களைப் பற்றிக் கீழே வருகிறது. இலங்கையும் இந்தியாவும் அந்தப் பட்டியலில் இல்லை. நிலுவையில் உள்ள தஞ்ச மனுவை வைத்துக் கேட்கும் வேலை அனுமதி, அதாவது சி-8 பிரிவு, உங்களுக்கு நிறுத்தப்படவில்லை.

கணக்கு இப்படி. முழுமையான ஐ-589 அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்த நாள்தான் தொடக்கம். ஐ-797 ரசீதில் 'ரிசீவ்ட் டேட்' என்று அச்சாகியிருக்கும். நீங்கள் தபாலில் போட்ட நாளை வைத்து எண்ணாதீர்கள், ரசீது அச்சடித்த நாளையும் எடுக்காதீர்கள். அதிலிருந்து 150 நாள் முடிந்தபின் வேலை அனுமதி மனுவான ஐ-765 அனுப்பலாம். 180 நாள் முடிந்தபின்தான் அட்டை தர முடியும். ரிசீவ்ட் டேட் 2025 ஆகஸ்ட் 4 என்றால் 150-ஆவது நாள் 2026 ஜனவரி 1, 180-ஆவது நாள் ஜனவரி 31. ஜனவரி 1-ஆம் தேதியே அனுப்பத் துடிக்க வேண்டாம். ஒரு நாள் முந்திப் போன மனுவும் தள்ளுபடிதான், கட்டிய பணமும் போகும். நான்கைந்து நாள் தள்ளி அனுப்புவது புத்திசாலித்தனம்.

அரசாங்கம் தன் பக்கத்தில் தாமதித்தால் இந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். இப்போதைய நிறுத்திவைப்பு அந்த வகை. நீங்கள் தாமதித்தால்தான் நிற்கும். அக்டோபர் 6-இல் வைத்த இண்டர்வியூவை நீங்கள் கேட்டு அக்டோபர் 27-க்கு மாற்றியிருந்தால் 21 நாள் கழிந்துவிடும். 150-ஆவது நாள் ஜனவரி 22-க்கும், 180-ஆவது நாள் பிப்ரவரி 21-க்கும் நகரும். கைரேகைக்குப் போகாதது, மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் இண்டர்வியூவுக்குப் போய்த் திரும்பி வந்தது ஆகியவையும் இதே கணக்கில் சேரும். தஞ்ச அலுவலகத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளரை நீங்களேதான் கூட்டிப்போக வேண்டும். 18 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும், உங்கள் வக்கீலோ சாட்சியோ அந்த வேலையைச் செய்யக் கூடாது.

நீதிமன்றக் கேஸ்காரர்களுக்கு இதில் பெரிய குழி ஒன்று உண்டு. 'வக்கீல் பிடிக்க அவகாசம் வேண்டும்', 'தயாராக நேரம் வேண்டும்' என்று நம் பக்கம் கேட்டால், அடுத்த ஹியரிங் வரை கடிகாரம் நிற்கும். அடுத்த ஹியரிங் ஒரு வருடம் கழித்து வந்தால் அந்த ஒரு வருடமும் வேலை அனுமதிக்கு எண்ணப்படாது. அவகாசம் கேட்பதற்கு முன் இதை வக்கீலிடம் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். மேலே சொன்ன தொலைபேசி எண்ணிலேயே கடிகாரத்தில் எத்தனை நாள் சேர்ந்திருக்கிறது என்றும் கேட்கலாம்.

பணம்: முன்பு முதல் சி-8 அட்டை இலவசம். 2025 ஜூலை 4-இல் கையெழுத்தான பட்ஜெட் சட்டத்துக்குப் பிறகு 550 டாலர் ஆனது. 2026 ஜனவரி 1 முதல் 560. இதற்குக் கட்டண விலக்கு கிடையாது. காகித செக், மணி ஆர்டர் இரண்டையும் 2025 அக்டோபர் 28-க்குப் பின் பொதுவாக வாங்குவதில்லை. தபாலில் அனுப்புகிறவர்கள் கார்டு என்றால் ஜி-1450, அமெரிக்க வங்கிக் கணக்கு என்றால் ஜி-1650 படிவத்தை மேலே வைக்க வேண்டும். கார்டில் அன்றைக்குப் பணமோ வரம்போ போதாமல் போனால் கட்டு முழுவதும் திரும்பி வந்துவிடும். அலுவலகத்தில் பிரிப்பதற்குள் இரண்டு வாரம்கூட ஆகலாம் என்பதால் அதுவரை அந்தத் தொகையில் கை வைக்காதீர்கள்.

மற்றபடி மனு திரும்பி வருவது பெரும்பாலும் சின்ன விஷயங்களால்தான்: பழைய பதிப்புப் படிவம் (பக்கத்தின் அடியில் தேதி இருக்கும்), கையெழுத்து விடுபட்டது, பிரிவு கேட்கும் கட்டத்தில் சி-8-க்குப் பதில் ஏ-5 எழுதியது. ஏ-5 தஞ்சம் கிடைத்துவிட்டவருக்கு. சமூகப் பாதுகாப்பு எண் வேண்டுமா என்று படிவத்திலேயே கேட்கும் இடத்தில் 'ஆம்' போடுங்கள். தனியாக அலைய வேண்டியிராது. முதல் சி-8 மனுவை 30 நாளில் முடிக்க வேண்டும் என்பது விதி. கூடுதல் ஆவணம் கேட்டு அவர்கள் கடிதம் அனுப்பினால் அந்த 30 நாள் புதிதாகத் தொடங்கும்.

கேள்வி: என் சி-8 அட்டை 2026 ஜூலை 15 வரை இருக்கிறது. போன தடவை ரசீதைக் காட்டியே ஒன்றரை வருடம் வேலை செய்தேன். இந்தத் தடவையும் அப்படித்தானே?
(வாசகி, ஹியூஸ்டன்)

பதில்: இல்லை. நீங்கள் சொல்வது 540 நாள் தானியங்கி நீட்டிப்பு. 2025 அக்டோபர் 30 அன்றும் அதற்குப் பிறகும் போட்ட புதுப்பிப்பு மனுக்களுக்கு அது கிடையாது. அதற்கு முன்பே போட்டவர்களுக்குப் பழைய ரசீது இன்னும் செல்லும். உங்களுக்கு ஜூலை 15-க்குள் புது அட்டை கைக்கு வராவிட்டால் 16-ஆம் தேதி வேலைக்குப் போக முடியாது. முதலாளி நல்லவராக இருந்தாலும் அவரால் உங்களை வைத்துக்கொள்ள முடியாது. பல மாநிலங்களில் ஓட்டுநர் உரிமமும் அதே தேதியில் காலாவதியாகும்.

எனவே அனுமதிக்கிற முதல் நாளிலேயே போடுவதுதான் வழி. காலாவதிக்கு 180 நாள் முன்பிருந்து போடலாம். உங்கள் அட்டைக்கு அது ஜனவரி 16. இணையவழியில் போடுங்கள், ரசீது அன்றே வந்துவிடும்.

கட்டணத்தில் பலர் ஏமாறுகிறார்கள். புதுப்பிப்புக்குப் பழைய கட்டணம் (இணையம் 470 டாலர், தாள் 520) அப்படியே இருக்கிறது. 2025 ஜூலை 22 முதல் அதன் மேல் இன்னொரு 275 டாலர் சேர்ந்தது. தாளில் அனுப்பினால் இரண்டையும் தனித்தனிப் படிவத்தில் கட்ட வேண்டும், கூட்டி ஒரே தொகையாக எழுதினால் திருப்பி அனுப்புவார்கள். வருமானம் குறைவு என்று ஐ-912 மூலம் விலக்குக் கேட்பவருக்குப் பழைய பகுதி மட்டுமே குறையும். தொகைகள் ஆண்டுதோறும் விலைவாசிக்கேற்ப மாறக்கூடியவை, எனவே அனுப்பும் நாளன்று அதிகாரபூர்வக் கட்டணப் பக்கத்தை ஒருமுறை திறந்து பாருங்கள்.

இன்னொரு மாற்றம்: 2025 டிசம்பர் 5 முதல் நிலுவையில் இருக்கும், அதன்பின் வரும் மனுக்களுக்கு அட்டை அதிகபட்சம் 18 மாதம். முன்பு 5 வருடம் தந்தார்கள். 18 மாதத்தில் 6 மாதம் அடுத்த புதுப்பிப்பு வரிசையிலேயே கழியும். இதில் பாதுகாப்பு எங்கே கூடுகிறது என்று எங்களுக்கு விளங்கவில்லை. அலுவலகத்தின் வேலை மூன்று மடங்காவது மட்டும் தெரிகிறது.

கேள்வி: என் அப்பா 1961-இல் ரங்கூனில் பிறந்தவர். 1964-இல் குடும்பத்தோடு சென்னைக்கு வந்துவிட்டார்கள். இந்தியக் குடிமகன், இந்தியப் பாஸ்போர்ட். அமெரிக்கக் குடிமகளான நான் அவருக்கு இங்கிருந்தே கிரீன் கார்டுக்குப் போட்டிருக்கிறேன். இந்த உத்தரவுக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லைதானே?
(வாசகி, டாலஸ்)

பதில்: இருக்கிறது. அந்த உத்தரவில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, எல்லா நாட்டவரின் தஞ்ச மனுக்கள். மற்றது, ஜூன் 2025 பயணத் தடைப் பட்டியலில் இருந்த 19 நாட்டவரின் எல்லா வகை மனுக்களும்: கிரீன் கார்டு, வேலை அனுமதி, பயண அனுமதி, குடியுரிமைகூட. பர்மா அந்த 19-இல் ஒன்று. 2026 ஜனவரி 1 உத்தரவு அதை 39 நாடுகளாக விரித்தது. இதில் முக்கியம், குடியுரிமையை மட்டும் பார்ப்பதில்லை, பிறந்த நாட்டையும் பார்க்கிறார்கள். பர்மாவில் பிறந்து மூன்று வயதில் கப்பலேறி வந்தவரும் அந்த வரையறைக்குள் விழுகிறார். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ இருக்க, இதைக் கவனிக்காமல் 'நாங்கள் இந்தியர்' என்று இருந்துவிடுகிறார்கள்.

அப்பாவின் ஐ-485 (கிரீன் கார்டு மனு), அதோடு போட்ட ஐ-765 (வேலை அனுமதி), ஐ-131 (பயண அனுமதி) மூன்றும் நிற்க வாய்ப்பு அதிகம். இணையத்தில் ஸ்டேட்டஸ் பார்த்தால் 'நிறுத்திவைப்பு' என்று எழுதியிருக்காது, பழைய வரியே இருக்கும். கைரேகைக்கோ இண்டர்வியூவுக்கோ அழைத்தால் அழைத்துப் போங்கள். மனு நிலுவையில் இருக்கும்வரை அவர் இங்கே தங்குவதற்குத் தடை இல்லை. ஆனால் பயண அனுமதி கைக்கு வராமல் ஊருக்குப் போனால் மனுவைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். கல்யாணம், கருமாதி எதுவானாலும் வக்கீலைக் கேட்காமல் டிக்கெட் போட வேண்டாம்.

பிறந்த இடத்தைச் 'சென்னை' என்று மாற்றிப் புது மனு போடலாமா என்று சிலர் யோசனை சொல்வார்கள். அது பொய்ச் சாட்சியம், பாஸ்போர்ட்டிலேயே ரங்கூன் என்று இருக்கும். தாமதமாக வரும் கிரீன் கார்டு அதனால் வராமலே போய்விடும். மனுவைத் திரும்பப் பெற்று மறுபடி போடவும் வேண்டாம். கட்டணம் போவதோடு, 2025 ஜூன் 11 விதிப்படி மருத்துவப் பரிசோதனைத் தாளும் அந்த மனுவோடு சேர்ந்தே செத்துவிடும்.

கேள்வி: தம்பி கலிஃபோர்னியாவில் அசைலம் கேஸ் போட்டவர். முடிவே வராது எண்டால் வாபஸ் வாங்கிப்போட்டு வேறை ஏதும் விசா எடுக்கலாமோ? அம்மாவுக்குச் சுகமில்லை, ஒருக்கா வந்து பார்த்திட்டுப் போகவும் நினைக்கிறார்.
(வாசகி, யாழ்ப்பாணம்)

பதில்: வாபஸ் வாங்கினால் அன்றோடு சி-8 வேலை அனுமதிக்கான அடிப்படை போய்விடும். அவருக்கு வேறு செல்லுபடியான விசா கையில் இல்லை என்றால், அடுத்து வருவது நீதிமன்ற நோட்டீஸ்தான். வேறு வழி இருந்தால் அதையும் பக்கத்தில் போடட்டும், அது கைகூடிய பிறகு இதைப் பற்றி யோசிக்கலாம்.

இலங்கைக்கு வருவது அதைவிடச் சிக்கல். 'அந்த நாட்டில் உயிருக்குப் பயம்' என்று மனுக் கொடுத்தவர் பயண அனுமதியோடு அங்கேயே போய் வந்தாலும், மனுவைக் கைவிட்டதாகவே விதி கருதும். தவிர்க்க முடியாத காரணத்தை அவர்தான் நிரூபிக்க வேண்டும். அம்மாவின் நோய் எவ்வளவு கடுமையானது என்பதற்கு ஆஸ்பத்திரித் தாள்களோடு முதலில் வக்கீலிடம் போகச் சொல்லுங்கள். அம்மா பயணம் செய்யும் நிலையில் இருந்தால் மூன்றாவது நாடு ஒன்றில் சந்திப்பதற்கும் அமெரிக்கா திரும்ப முன்கூட்டிய பயண அனுமதி வேண்டும். இன்றைய நிலையில் அந்தத் தாள் இருந்தாலும் விமான நிலையத்தில் உள்ளே விடுவது அதிகாரியின் கையில்.

கேள்வி: தஞ்சம் கிடைத்து இரண்டு வருடம் ஆகிறது. வேலை அட்டை புதுப்பிக்கவில்லை. புது வேலையில் 'அட்டை இல்லாவிட்டால் சேர்க்க மாட்டோம்' என்கிறார்கள்.
(வாசகர், சார்லட்)

பதில்: தஞ்சம் பெற்றவருக்கு வேலை செய்யும் உரிமை அந்தத் தகுதியோடேயே வருகிறது. அட்டை அதற்கு ஒரு சான்று, அதுதான் ஒரே சான்று என்றில்லை. வேலையில் சேர்க்கும்போது வேலை உரிமையைச் சரிபார்க்க நிரப்பும் ஐ-9 படிவத்துக்கு ஓட்டுநர் உரிமமும், வேலைக் கட்டுப்பாட்டு வாசகம் எதுவும் அச்சிடாத சமூகப் பாதுகாப்பு அட்டையும் போதும். தஞ்சம் கிடைத்தது என்று குறித்த ஐ-94 வருகைப் பதிவுத் தாளையும் அந்த இரண்டாவது தாளுக்குப் பதிலாகக் கொடுக்கலாம். அதற்குக் காலாவதி இல்லை. எந்த ஆவணம் என்பதைத் தேர்ந்தெடுப்பது தொழிலாளியின் உரிமை. 'இதைத்தான் கொண்டுவா' என்று முதலாளி வற்புறுத்தினால் அது பாகுபாடு, நீதித்துறையில் இதற்கென்றே ஒரு பிரிவு புகார் வாங்குகிறது. முதலில் ஐ-9-இன் இரண்டாம் பக்கத்தில் உள்ள ஆவணப் பட்டியலை அச்செடுத்து எச்.ஆர். மேசையில் வையுங்கள். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

கேள்வி: அகதியாகவே, அதாவது ஐ.நா. வழியாக மீள்குடியேற்றத்தில் வந்த பக்கத்து வீட்டுக்காரருக்கும் கிரீன் கார்டு நிற்கிறது. அதுவும் இதே உத்தரவா?
(வாசகர், அட்லாண்டா)

பதில்: வேறு. அது 2025 நவம்பர் 21 குறிப்பாணை. துப்பாக்கிச் சூட்டுக்கு ஐந்து நாள் முந்தையது. 2021 ஜனவரி 20 முதல் 2025 பிப்ரவரி 20 வரை வந்த அகதிகள் அனைவரின் ஃபைலையும் மறுபடி பார்க்கச் சொல்லி, அவர்களுடைய கிரீன் கார்டுகளை நிறுத்தியது. அகதி அந்தஸ்து தானாகப் போய்விடவில்லை, வேலை உரிமையும் இருக்கிறது. மறு இண்டர்வியூவுக்கு அழைத்தால் முன்பு முகாமில் சொன்ன கதையையே அதே தேதிகளோடு சொல்ல வேண்டியிருக்கும். பழைய ஃபைலின் பிரதியைத் தகவல் உரிமை மனு மூலம் இப்போதே கேட்டு வைப்பது நல்லது.

கேள்வி: மாணவர் விசாவில் இருக்கிறேன், வந்து பத்து மாதம். நிறுத்திவைப்பு நீங்கிய பிறகு தஞ்சம் கேட்கலாமா?
(வாசகர், பஃபலோ)

பதில்: காத்திருக்காதீர்கள். கடைசியாக நாட்டுக்குள் வந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போக வேண்டும். நிறுத்திவைப்பு இந்தக் கெடுவை நீட்டவில்லை. மாணவர் விசாவை ஒழுங்காக வைத்திருப்பவருக்கு விதிவிலக்கு உண்டு, விசா தகுதி முடிந்து நியாயமான காலத்துக்குள் போட்டால் போதும். ஆனால் 'நியாயமான காலம்' எவ்வளவு என்பது அதிகாரியின் வாயில் இருக்கிறது. ஒரு வருடத்துக்குள் போட்டுவிட்டால் அந்த வாதமே எழாது. மனுக் கட்டணம் 100 டாலர்.

கேள்வி: 'உள்ளே ஆள் இருக்கிறது, 3,000 டாலர் கொடுத்தால் ஹோல்டை எடுத்துத் தருகிறேன்' என்கிறார் வரி படிவம் நிரப்பிக் கொடுக்கும் ஒருவர்.
(பெயர் வேண்டாம் என்ற வாசகர், குவீன்ஸ்)

பதில்: தனி ஃபைல் ஒன்றின் நிறுத்தத்தை நீக்க இயக்குநரோ துணை இயக்குநரோதான் ஒப்புதல் தர வேண்டும் என்று டிசம்பர் உத்தரவிலேயே இருக்கிறது. கவுண்டரில் இருப்பவர் யாராலும் முடியாது. 'ஆண்டுத் தஞ்சக் கட்டணம் பாக்கி' என்று மின்னஞ்சலில் இணைப்பு அனுப்பிப் பறிக்கும் கூட்டமும் கிளம்பியிருக்கிறது. அந்தக் கட்டணம் சட்டத்தில் உள்ளதுதான், ஆனால் உங்கள் பெயருக்கு யு.எஸ்.சி.ஐ.எஸ். நோட்டீஸ் வந்தால் மட்டும், அவர்களுடைய சொந்தத் தளத்தில் ஏ-நம்பரும் ரசீது எண்ணும் போட்டுக் கட்டுங்கள்.

பணம் செலவழிக்கத் தயார் என்றால் வக்கீலிடம் 'மாண்டமஸ்' பற்றிக் கேளுங்கள். முடிவு சொல்லாமல் வைத்திருக்கும் அலுவலகத்தை 'ஏதாவது ஒரு முடிவு சொல்' என்று கட்டளையிடும்படி மத்திய நீதிமன்றத்தில் போடும் வழக்கு அது. சாதகமான முடிவு வாங்கித் தராது. பலவீனமான கேஸ் என்றால் நிராகரிப்பைச் சீக்கிரம் கூட்டிவரும். நிறுத்திவைக்காத வொர்க் பெர்மிட் மனு 30 நாளைத் தாண்டிக் கிடக்கும்போதுதான் இது நன்றாக வேலை செய்யும்.

அதற்கு முன் வீடு மாறியிருந்தால் ஏ.ஆர்.-11 படிவத்தை 10 நாளுக்குள் யு.எஸ்.சி.ஐ.எஸ்.ஸுக்கும், கேஸ் கோர்ட்டில் இருந்தால் ஈ.ஓ.ஐ.ஆர்.-33 படிவத்தை 5 வேலை நாளுக்குள் நீதிமன்றத்துக்கும் அனுப்பியாயிற்றா என்று பாருங்கள். ஒன்றுக்குச் சொன்னால் மற்றதற்குத் தெரியாது. தபால் நிலையத்தில் சொல்லிவைத்த முகவரி மாற்றம் இரண்டுக்குமே போகாது.